ஜோஸு என்று யாரிடம் சொல்லலாம்? ஜப்பானிய மொழியில் திறமையைப் பாராட்டும் முறை

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பிக்கும் எல்லோருக்கும் முதல் சில வாரங்களிலேயே அறிமுகமாகிவிடும் சொல் 'ஜோஸு'. சொற்பட்டியலில் அதற்கு நேராக 'திறமையான, நன்றாகச் செய்கிற' என்று போட்டிருக்கும். சரி, பாராட்ட ஒரு சொல் கிடைத்துவிட்டது என்று அதை எடுத்துக்கொண்டு நேராக ஆசிரியரிடமே போகிறோம். "சென்ஸே, நீங்கள் விளக்குவது ரொம்ப ஜோஸு" என்கிறோம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆசிரியர் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு கணம் சிரிப்பார். முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "இல்லை, இல்லை" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தச் சங்கடம் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரிவதில்லை. 'ஜப்பானியர்களுக்குப் பாராட்டு பிடிக்காது' என்கிறார்கள் சிலர். 'மேலே இருப்பவர்களைப் பாராட்டவே கூடாது' என்கிறார்கள் வேறு சிலர். 'அவர்கள் பாராட்டுவதெல்லாம் வெறும் சம்பிரதாயம்' என்ற பேச்சும் உண்டு. மூன்றுமே விஷயத்தைத் தொட்டுவிட்டு நழுவிப் போகின்றன. இதில் மர்மம் எதுவும் இல்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இது சுலபமாகவே பிடிபடும்.

## மார்க் போடுவதும் மனம் நிறைவதும்

நாற்பது வருடமாக நாதஸ்வரம் வாசிக்கும் ஒரு வித்வானிடம் கல்லூரி மாணவன் ஒருவன் போய், "நல்லாவே வாசிக்கிறீங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொல் ஒவ்வொன்றும் நல்ல சொல்தான். ஆனால் கேட்பவர்களுக்கு நெருடும். அதே மாணவன், "அந்தத் தோடி முடியற வரைக்கும் எழுந்திருக்கவே தோணலைங்க" என்று சொன்னால் வித்வானின் முகம் மலரும்.

முதல் வாக்கியம் மார்க் போடுகிறது. போடுகிறவருக்கு அந்தத் தகுதி உண்டா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டாவது வாக்கியம் யாரையும் அளக்கவில்லை. கேட்டவருக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

இந்த வித்தியாசம் நம்மிடமும் இருக்கிறது, ஆனால் நாம் பல இடங்களில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம். ஜப்பானிய மொழி விடுவதில்லை. எந்தச் சொல்லை யாரிடம் சொல்வது என்பது பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே தீர்மானமாகிறது.

## சொல்லுக்குள் இருக்கும் கை

ஜோஸு என்று எழுத இரண்டு கான்ஜி எழுத்துகள் வேண்டும். கான்ஜி என்பது சீனாவிலிருந்து வந்து ஜப்பானிய மொழியில் நிலைத்த எழுத்து வகை. ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. இங்கே முதல் எழுத்துக்கு 'மேல்' என்று பொருள், இரண்டாவதற்கு 'கை'. இதற்கு எதிர்ச்சொல் 'ஹெத்தா', அதாவது திறமை போதாதது. அதை எழுதும்போது முதல் எழுத்து 'கீழ்', அடுத்தது அதே 'கை'.

திறமையைக் கையில் வைத்துப் பேசுவது நமக்கும் பழக்கம்தான். கைதேர்ந்தவர், கைப்பக்குவம், கைவண்ணம் என்கிறோம். ஜப்பானியர்கள் இன்னும் கொஞ்சம் மேலே போய் முழங்கையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 'உதெ' என்றால் புஜம் முதல் மணிக்கட்டு வரையிலான கை. நல்ல தச்சரையோ சமையல்காரரையோ பற்றி "உதெ கா ஈ" என்பார்கள். கை நல்ல கை என்று பொருள். முன்பைவிடத் தேறியிருந்தால் "உதெ கா அகாத்தா", கை உயர்ந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட திறமைசாலியும் சில சமயம் தவறுவதைச் சொல்ல நம்மிடம் 'ஆனைக்கும் அடி சறுக்கும்' இருக்கிறது. அவர்களுடைய பழமொழி 'ஜோஸுவின் கையிலிருந்தும் தண்ணீர் ஒழுகும்' என்கிறது.

ஒரு காலத்தில் ஜோஸு என்பது பதவிப் பெயராகவும் இருந்தது. எதோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, கோ என்ற பலகை விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் படிநிலைகள் இருந்தன. ஒன்பதாம் படியில் இருப்பவர் 'மெய்ஜின்'. ஏழாம் படியில் இருப்பவருக்குத்தான் 'ஜோஸு' என்று பெயர். நாடறிந்த ஆட்டக்காரரைக் குறித்த சொல் அது.

இன்றைக்கு அந்தச் சொல் மிக அடிக்கடி கேட்கும் இடம் வேறு. அதைப் பார்த்தால் ஆசிரியரின் சங்கடம் உடனே புரிந்துவிடும். ஒரு வயதுக் குழந்தை எழுந்து நின்று முதல் அடி எடுத்து வைக்கிறது. நான்கு அடி தள்ளி அம்மா மண்டியிட்டு, இரு கைகளையும் நீட்டியபடி தாளத்தோடு பாடுகிறாள்: "அன்யோ வா ஜோஸு, கொரோபு வா ஒஹெத்தா". 'அன்யோ' என்பது நடையைக் குறிக்கும் மழலைச் சொல். நடப்பதில் கெட்டி, விழுவதில் மட்டும் கெட்டி இல்லை என்று பொருள். குழந்தை சாப்பிட்டு முடித்தால் ஜோஸு, செருப்பைத் தானாக மாட்டினால் ஜோஸு. ஜப்பானில் பிறந்த எவர் காதிலும் இந்தச் சொல் முதலில் விழுவது இப்படித்தான், மேலிருந்து கீழே குனிந்து பார்க்கும் ஒருவர் வாயிலிருந்து.

அதையே கொண்டுபோய் இருபது வருடமாகப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று இப்போது தெரிகிறதல்லவா?

## வாக்கியம் அமைப்பது: கா, வா, மோ

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. "தனாகா நன்றாகப் பாடுவார்" என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானிய மொழியில் அது "தனாகா-ஸான் வா உத்தா கா ஜோஸு தெஸ்" என்று வரும். உத்தா என்றால் பாட்டு. பெயரோடு வரும் 'ஸான்' மரியாதைக்கு, அதன் பின் வரும் 'வா' யாரைப் பற்றிய பேச்சு என்று காட்டுவதற்கு. 'தெஸ்' வாக்கியத்தை மரியாதையோடு முடித்து வைக்கிறது. இதற்கு மிக நெருங்கிய தமிழ் வாக்கியம் 'தனாகாவுக்குப் பாட்டு நன்றாக வரும்' என்பதுதான். இரண்டிலும் எழுவாய் இடத்தில் இருப்பது பாட்டு. அந்த இடத்தைக் காட்டுவது 'கா' என்ற ஒட்டு.

பாட்டைச் செயப்படுபொருளாக நினைத்து, நம் 'ஐ' உருபுக்கு இணையான 'ஒ' என்ற ஒட்டைப் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. 'அவருக்குப் பாட்டை நன்றாக வரும்' என்று நாம் சொல்வதில்லை. அது நினைவில் இருந்தால் இந்தப் பிழை வராது. வினைச்சொல்லாக இருந்தால் நடுவில் 'நோ' சேரும். ஒயோகு என்றால் நீந்து, "ஒயோகு நோ கா ஜோஸு" என்றால் 'நீந்துவது நன்றாக வரும்'. நம் 'வது' செய்யும் வேலையை அங்கே 'நோ' செய்கிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, 'கா' இருக்க வேண்டிய இடத்தில் 'வா' போட்டுவிடும் தவறு. "உத்தா கா ஜோஸு தெஸ் நே" என்றால் 'பாட்டு நன்றாக வருகிறதே உங்களுக்கு'. "உத்தா வா ஜோஸு தெஸ் நே" என்றால் 'பாட்டாவது நன்றாக வருகிறதே' என்ற தொனி வந்துவிடும். மற்றதெல்லாம் சுமார்தான் என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். "இன்று அழகாக இருக்கிறீர்கள்" என்று சொல்லப் போய் 'இன்று' என்பதோடு 'வா' சேர்த்துவிட்டாலும் இதே கதிதான். 'இன்றைக்காவது' என்று ஆகிவிடும். 'மோ' போட்டால் கவலையில்லை. அது நம் 'உம்'. "உத்தா மோ ஜோஸு தெஸ் நே" என்றால் 'பாட்டும் வருகிறதே உங்களுக்கு!'

கடைசியில் வரும் 'நே' நம் 'இல்லையா', 'அல்லவா' போன்றது. அது இல்லாமல் "ஜோஸு தெஸ்" என்று நிறுத்தினால் தீர்ப்பு வாசிப்பது போலிருக்கும். பாராட்டும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது இரண்டுதான். ஜோஸு ஒருவர் திறமையை அளந்து சொல்லும் சொல். அளக்கப்படும் திறமையின் பின்னால் 'கா' வரும்.

## தன்னைப் பற்றிச் சொல்லும்போது

"எனக்கு நன்றாகச் சமைக்க வரும்" என்று சொல்ல வேண்டுமென்றால் ஜோஸு கூடாது. அது பிறர் நமக்குச் சொல்ல வேண்டியது. தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் தன் தாளைத் தானே திருத்திக்கொண்டது போலாகும். இதற்கு 'தொக்குயி' என்ற சொல் இருக்கிறது. எனக்குக் கைவந்தது, தயக்கமில்லாமல் செய்வேன் என்று பொருள். "ர்யோரி கா தொக்குயி தெஸ்" என்றால் சமையல் எனக்குக் கைவந்த கலை. இதன் மறுபக்கம் 'நிகத்தே'. வராது என்பதோடு, அதைக் கண்டாலே ஒதுங்கிப் போவேன் என்ற மனநிலையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஹெத்தா என்றால் வராது, அவ்வளவுதான். ஹெத்தாவாக இருந்துகொண்டே ஒன்றை ஆசை ஆசையாகச் செய்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறிக்க 'ஹெத்தா நோ யோகோஸுகி' என்று ஒரு தனித் தொடரே இருக்கிறது.

நண்பர்களுக்குள் ஜோஸுவைவிட அதிகம் புழங்குவது 'உமாய்'. பந்தை அழகாகத் தட்டிவிட்டால் "உமாய்!". ராமென் கடையில் முதல் வாய் வைத்ததும் வருவதும் "உமாய்!". திறமைக்கும் ருசிக்கும் ஒரே ஒலி, எழுதும்போதுதான் கான்ஜி மாறும். இது கொஞ்சம் முரட்டுத்தனமான, சகஜமான சொல் என்பதால் புதியவர்களிடம் தவிர்ப்பது நல்லது. இன்னொரு எச்சரிக்கை: குச்சி என்றால் ஜப்பானிய மொழியில் வாய். "குச்சி கா உமாய்" என்று ஒருவரைச் சொன்னால் நன்றாகப் பேசுகிறார் என்று ஆகாது. வாய்ஜாலக்காரர், அவர் பேச்சை நம்பாதே என்று ஆகும். நன்றாகப் பேசுகிறவர் என்று பாராட்ட 'ஹனாஷி', அதாவது பேச்சு, என்ற சொல்லைப் போட வேண்டும்.

## மார்க் மேலே போகாது

இப்போது மையத்துக்கு வருவோம். தன்னைவிட உயர்ந்த நிலையில் இருப்பவரை ஜப்பானிய மொழியில் 'மெயுவெ' என்பார்கள். மெ என்றால் கண், உவெ என்றால் மேல். ஆசிரியர், மேலாளர், வயதில் மூத்தவர், வேலையில் முன்னால் சேர்ந்தவர் எல்லோரும் இதில் அடக்கம். அளந்து சொல்லும் பாராட்டு மெயுவெயிடமிருந்து கீழே வரலாம், சமமானவர்களுக்குள் போகலாம். கீழிருந்து மேலே போகக் கூடாது. அதற்காக மேலே இருப்பவரைப் பாராட்டவே கூடாது என்று ஆகிவிடாது. பாராட்டின் வடிவம்தான் மாற வேண்டும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். தோக்கியோவில் ஓர் அலுவலகம். மேலாளர் வாடிக்கையாளர் முன்னால் ஒரு மணி நேரம் பேசி முடித்துவிட்டார். அவரும் இளநிலை ஊழியர் ஒருவரும் ரயில் நிலையத்துக்கு நடந்து வருகிறார்கள். "இன்று நன்றாகப் பேசினீர்கள், ஜோஸு" என்று இவர் சொன்னால், மேலாளர் காதில் அது 'பரவாயில்லை, பாஸ்' என்று விழும். அதற்குப் பதிலாக இவர் சொல்ல வேண்டியது, "பென்க்யோ நி நாரிமாஷ்தா". பென்க்யோ என்றால் படிப்பு. 'எனக்கு ஒரு பாடமாக இருந்தது' என்று பொருள். அதோடு நிறுத்தாமல், "விலை அதிகம் என்று அவர் சொன்னதும் நீங்கள் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டீர்களே, எனக்கு அது தோன்றியிருக்காது" என்று ஒரு வரி சேர்த்தால் மேலாளர் நடையை மெதுவாக்கி, ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். பாராட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கேயும் மார்க் இல்லை.

இதே வழியில் இன்னும் சில உண்டு. ஆசிரியரிடம் "வகாரியஸுகத்தா தெஸ்", எனக்கு எளிதாகப் புரிந்தது. கலைஞரிடம் "கான்தோ ஷிமாஷ்தா", மனம் உருகிவிட்டது. எல்லாமே 'நான்' பக்கத்திலிருந்து பேசுகின்றன. அகராதியைப் பார்த்து 'கான்ஷின் ஷிமாஷ்தா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வியந்தேன் என்றுதான் பொருள் போட்டிருக்கும், ஆனால் அந்த வியப்பு மேலிருந்து கீழே பார்க்கும் வியப்பு. வேலை முடிந்ததும் சொல்லும் சொற்களிலும் இந்த மேல் கீழ் உண்டு: "கோக்குரோஸமா" மேலிருந்து கீழே போவது, "ஒத்ஸுகாரேஸமா" பொதுவானது. சந்தேகமாக இருந்தால் இரண்டாவதைச் சொல்லுங்கள்.

விதிவிலக்கும் இருக்கிறது. மேலாளர் காரவோக்கேயில் பாடினாலோ கோல்ஃப் ஆடினாலோ மரியாதை முன்னொட்டு சேர்த்து "ஒ-ஜோஸு தெஸ் நே" என்று தாராளமாகச் சொல்லலாம். அது அவர் தொழில் இல்லையே. தொழில்முறைப் பியானோ கலைஞரிடம் போய் "பியானோ ஒ-ஜோஸு தெஸ் நே" என்றால் மட்டும் இடிக்கும். வருவது இயல்பாக இருக்க வேண்டிய இடத்தில், வருகிறதே என்று வியக்கக் கூடாது.

அங்கே உதவ ஒரு சொல் இருக்கிறது: 'ஸஸுகா'. இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த பாராட்டு இதுதான். "ஸஸுகா தெஸ் நே" என்றால் 'உங்கள் கை பட்டால் சும்மாவா', 'நீங்களாயிற்றே' என்று பொருள். உங்களைப் பற்றி உயர்வாகத்தான் நினைத்திருந்தேன், அப்படியே இருந்தது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். அளவுகோலைப் பாராட்டுபவர் கையில் வைத்துக்கொள்ளாமல் எதிரில் இருப்பவரின் பெயரையே அளவுகோலாக்கிவிடுகிறது. முன்பின் தெரியாதவரிடம் இது பொருந்தாது. எதிர்பார்ப்பு ஏற்கெனவே இருந்தால்தான் ஸஸுகா.

ஜப்பானியச் சமையலில் 'ஸ, ஷி, ஸு, ஸெ, ஸொ' என்று ஒரு வாய்பாடு உண்டு. சர்க்கரை, உப்பு, வினிகர், ஸோயா சாஸ், மிஸோ என்று எதை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதற்கான நினைவுக்குறிப்பு. அதே எழுத்துகளில் பாராட்டுக்கும் ஒரு வாய்பாடு புழக்கத்தில் இருக்கிறது: ஸஸுகா, ஷிராநகத்தா (எனக்குத் தெரியாதே), ஸுகோய் (பிரமாதம்), ஸென்ஸு கா ஈ (நல்ல ரசனை), ஸோ நான் தெஸ் கா (அப்படியா!). கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தையும் மாற்றி மாற்றி அடுக்கினால் எதிரில் இருப்பவருக்கு வெகு சீக்கிரம் தெரிந்துவிடும். கவனித்துச் சொன்ன ஒரு வரி இந்த ஐந்தையும்விட மேல்.

## கலை மேடையில்

மார்க் போடாமல் பாராட்டுவது எந்த அளவுக்குப் போகும் என்று பார்க்க கபுக்கி நாடக அரங்குக்குப் போக வேண்டும். நடிகர் உச்சக்கட்டத்தில் கண்ணை உருட்டி அசையாமல் நிற்கும் நொடியில், மேல்மாடியின் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் பாயும்: "நகாமுராயா!" அது பாராட்டுச் சொல்லே இல்லை. அந்த நடிகருடைய பரம்பரையின் வீட்டுப் பெயர், 'யாகோ' என்பார்கள். பெயரைச் சொல்வதே பாராட்டு. சில சமயம் "மத்தேமாஷ்தா!" என்று கேட்கும். 'இதற்காகத்தான் காத்திருந்தோம்!' நாம் பலே, சபாஷ் போடும் இடத்தில் அவர்கள் தங்கள் காத்திருப்பைச் சொல்கிறார்கள். குரல் கொடுக்கும் தேர்ந்த ரசிகர்களுக்கு 'ஓமுகோ' என்று பெயர். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் காட்சி கெட்டுவிடும் என்பதால் அதையே ஒரு கலையாகப் பழகுகிறார்கள்.

தேநீர்ச் சடங்கில் விருந்தினர் "கெக்கோ நா ஒத்தெமாயே தெ கொஸாய்மாஸ்" என்பார். 'அருமையாகக் கலந்து கொடுத்தீர்கள்' என்ற பொருளில் வழிவழியாக வரும் வாசகம். கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் "கெக்கோ தெஸ்" என்பது 'வேண்டாம்' என்றாகும். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கோ ஆட்டத்தில் பார்த்த 'மெய்ஜின்' ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியிலும் உயர்ந்த பட்டம். பெயர் பெற்ற மனிதர் என்பது அதன் நேர்ப்பொருள். முன்பு வாழ்நாள் முழுவதும் ஒருவரிடமே இருந்த பட்டம், 1930களில் போட்டியில் வெல்ல வேண்டியதாக மாறியது. 2023 ஜூன் 1 அன்று ஃபுஜீ ஸோத்தா 20 வயதில் அதை வென்றார். அதுவரை இளைய மெய்ஜினாக இருந்தவர், 1983இல் 21 வயதில் வென்ற தனிகாவா கோஜி. அன்றாடப் பேச்சிலும் மீன் பிடிப்பதில் மெய்ஜின் என்று ஒருவரைச் சொல்வது உண்டு.

## உங்களிடம் ஜோஸு என்று சொன்னால்

ஜப்பானுக்குப் போகும் வெளிநாட்டவர் "கொன்னிச்சிவா" என்று வாய் திறந்த உடனே "நிஹொங்கோ ஜோஸு தெஸ் நே" என்று கேட்பது வெகு சாதாரணம். நிஹொங்கோ என்றால் ஜப்பானிய மொழி. ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு எப்படிச் சொல்கிறார்கள், பொய்தானே என்று பலர் வருந்துகிறார்கள். அதை மதிப்பீடாக எடுத்துக்கொள்வதால் வரும் வருத்தம் இது. நம் ஊருக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் "வணக்கம்" என்றதும், "அட, தமிழ் நல்லா பேசுறீங்களே!" என்கிறோமே, அதில் பொய் இருக்கிறதா? எங்கள் மொழியைத் தொட்டீர்களே என்ற சந்தோஷம்தான் அது. இங்கே ஜோஸு ஒரு வரவேற்பு.

மொழி நிஜமாகவே கைவந்துவிட்டால் கேள்வி மாறும். "ஜப்பானுக்கு வந்து ரொம்ப நாளாகிறதா?" என்பார்கள். நாள்பட்ட மாணவர்கள் ஜோஸுவைவிட அதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள்.

பதிலுக்கு என்ன சொல்வது? பாடப்புத்தகம் "ஈயே, மதா மதா தெஸ்" என்று சொல்லித்தரும். 'இல்லை, இன்னும் எவ்வளவோ இருக்கிறது.' இது எங்கும் செல்லும். "அரிகாத்தோ கொஸாய்மாஸ்" என்று நன்றி சொல்லி ஏற்றுக்கொள்வதும் இன்று இயல்புதான், நான் அதைத்தான் முதலில் சொல்வேன். கடுமையாக மறுத்துக்கொண்டே இருந்தால் பாராட்டியவர் மேலும் மேலும் வற்புறுத்த வேண்டிவரும், அது அவருக்குச் சிரமம்.

சொல்லிக்கொடுத்தவரே ஒருநாள் "ஜோஸு நி நாரிமாஷ்தா நே", நன்றாகத் தேறிவிட்டீர்களே என்று சொன்னால், அதற்கென்றே ஒரு பதில் இருக்கிறது: "ஒகாகெஸமா தெ". நாம் 'எல்லாம் உங்க ஆசீர்வாதம்' என்கிறோமே, அதுதான். அந்தச் சொல்லின் நடுவில் இருக்கும் 'காகெ' என்பதற்கு நிழல் என்று பொருள். உங்கள் நிழலில் வளர்ந்தது என்கிறார்கள்.